‘நிரூபிக்கப்படவில்லை’ என்பதன் பொருள்: குற்ற வழக்குகளில் சாட்சியமும் மெய்ப்பிக்கும் சுமையும்

“குற்றச்சாட்டை அரசுத் தரப்பு சந்தேகத்திற்கு இடமின்றி நிரூபிக்கத் தவறியதால் எதிரி விடுதலை செய்யப்படுகிறார்.” நாளிதழில் இந்த வரியைப் படிக்கும் இருவர் நேர்மாறான இரண்டு முடிவுகளுக்கு வருவது வழக்கம். ஒருவர், ‘அவர் குற்றமற்றவர் என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது’ என்பார். மற்றவர், ‘குற்றவாளி சட்டத்தின் சந்துபொந்துகளில் நுழைந்து தப்பிவிட்டான்’ என்பார். தீர்ப்பு பெரும்பாலும் இவ்விரண்டில் எதையும் சொல்லியிருக்காது. குற்ற வழக்கில் நீதிமன்றம் விடை தேடும் கேள்வி ‘இவர் செய்தாரா?’ என்பதைக் காட்டிலும் ‘இவர் செய்தார் என்று சொன்னவர்கள் அதை மெய்ப்பித்துவிட்டார்களா?’ என்பதே ஆகும். (தமிழ்நாட்டு நீதிமன்றத் தமிழில் ‘எதிரி’ என்பது குற்றஞ்சாட்டப்பட்டவரைக் குறிக்கும் வழக்குச் சொல், பகைவர் என்ற பொருள் அதில் இல்லை. நானும் அச்சொல்லையே இங்கே பயன்படுத்துகிறேன்.)

ஒரு செய்தி உண்மையா பொய்யா என்று இரண்டே நிலைகளைத்தான் அன்றாட வாழ்வில் நாம் காண்கிறோம். சாட்சியச் சட்டம் மூன்று நிலைகளைக் காண்கிறது. ஒரு பொருண்மை, அதாவது வழக்கில் பேசப்படும் ஒரு செய்தி, மெய்ப்பிக்கப்பட்டிருக்கலாம்; அது இல்லை என்பது மெய்ப்பிக்கப்பட்டிருக்கலாம்; இரண்டுமே நடக்காமல் ‘மெய்ப்பிக்கப்படாதது’ என்ற இடைநிலையில் நின்றுவிடலாம். 1872-இல் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த இந்தியச் சாட்சியச் சட்டத்திலிருந்த இந்த மூன்று வரையறைகளும், அதன் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்‌ஷிய அதிநியத்தின் 2-ஆம் பிரிவில் அப்படியே தொடர்கின்றன. அந்த நாளுக்கு முன்பே நிலுவையில் இருந்த விசாரணைகளுக்கும் மேல்முறையீடுகளுக்கும் பழைய சட்டமே பொருந்தும் என்பதால், இன்னும் சில ஆண்டுகளுக்குத் தீர்ப்புகளில் இரண்டு சட்டங்களின் பிரிவு எண்களையும் காண வேண்டியிருக்கும். விடுதலைத் தீர்ப்புகளில் மிகப் பெரும்பாலானவை அந்த மூன்றாவது நிலையில் பிறப்பவை.

மூன்றாவது நிலையில் வழக்கு நின்றுவிட்டால் தோற்பவர் யார் என்பதைத் தீர்மானிப்பதுதான் மெய்ப்பிக்கும் சுமை. புதிய சட்டத்தின் 104-ஆம் பிரிவு, ஒரு பொருண்மை உண்டு என்று வலியுறுத்தி அதன் அடிப்படையில் தீர்ப்பு வேண்டுபவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்கிறது. அப்பிரிவின் எடுத்துக்காட்டே ஒரு குற்ற வழக்குதான்: ‘ஆ’ ஒரு குற்றத்தைச் செய்தார், அவரைத் தண்டிக்க வேண்டும் என்று ‘அ’ கோரினால், ‘ஆ’ அதைச் செய்தார் என்பதை ‘அ’ மெய்ப்பிக்க வேண்டும். அடுத்த பிரிவு இதற்கு ஓர் எளிய உரைகல்லைத் தருகிறது. இரு தரப்பிலும் எந்தச் சாட்சியமும் தரப்படாவிட்டால் யார் தோற்பாரோ அவர்மீதே சுமை இருக்கிறது. ஒரு கொலை வழக்கில் இரு தரப்பும் வாய் திறக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்; நீதிபதி ஒருவரைச் சிறைக்கு அனுப்ப முடியுமா? முடியாது. ஆகவே சுமை அரசுத் தரப்பின் மேல் இருக்கிறது.

சுமை யாருடையது என்பது ஒரு கேள்வி. எவ்வளவு மெய்ப்பித்தால் போதும் என்பது வேறொரு கேள்வி. ‘நியாயமான சந்தேகத்திற்கு அப்பாற்பட்டு’ என்ற புகழ்பெற்ற சொற்றொடர் பழைய சாட்சியச் சட்டத்திலும் இல்லை, புதியதிலும் இல்லை என்பதைக் கேட்டுச் சட்ட மாணவர்களே வியப்பதுண்டு. ஒரு பொருண்மை இருக்கிறது என்று நீதிமன்றம் நம்ப வேண்டும், அல்லது அறிவார்ந்த ஒருவர் அந்தச் சூழ்நிலையில் அது இருப்பதாகவே கொண்டு செயல்படும் அளவுக்கு அதற்கு வாய்ப்பிருப்பதாகக் கருத வேண்டும் என்று மட்டுமே சட்டம் சொல்கிறது. உரிமையியல் (சிவில்) வழக்குக்கும் குற்ற வழக்குக்கும் வரையறை ஒன்றேதான். ஆனால் வேலித் தகராறில் ஒரு முடிவை நம்பிச் செயல்படுவதும், ஒருவரை ஆயுள் முழுவதும் சிறையில் அடைக்கும் முடிவை நம்பிச் செயல்படுவதும் அறிவார்ந்த மனிதருக்கு ஒன்றாக இருக்க முடியாது. எனவே உரிமையியல் வழக்கில் எந்தப் பக்கம் வாய்ப்பு மிகுதி என்று பார்த்தால் போதும் என்றும், குற்ற வழக்கில் நியாயமான சந்தேகம் எதுவும் எஞ்சக் கூடாது என்றும் நீதிமன்றத் தீர்ப்புகள் வேறுபடுத்தின. எதிரியின் குற்றத்தை மெய்ப்பிப்பது அரசுத் தரப்பின் கடமை என்று 1935-இல் இங்கிலாந்தின் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரபுக்கள் அவை வுல்மிங்டன் வழக்கில் கூறியது இந்தியத் தீர்ப்புகளில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுகிறது. சாட்சியத்திலிருந்து இரண்டு முடிவுகளுக்கு வர இடமிருந்தால் எதிரிக்குச் சாதகமானதையே ஏற்க வேண்டும் என்று 1973-இல் காளி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இங்கே ‘நியாயமான’ என்ற அடைமொழியை விட்டுவிடக் கூடாது. கற்பனையில் எழும் எந்த ஐயமும் விடுதலைக்குப் போதாது; சாட்சியத்திலிருந்தோ சாட்சியம் இல்லாமையிலிருந்தோ எழுந்து, காரணம் சொல்லக்கூடிய ஐயமாக அது இருக்க வேண்டும். அதே 1973-இல் சிவாஜி சாஹேப்ராவ் போப்டே வழக்கில், சந்தேகத்தின் பலன் என்ற கோட்பாட்டை அளவுக்கு மீறிப் பற்றிக்கொண்டால் சமூகம் சட்டத்தின்மீது நம்பிக்கை இழக்கும் என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எச்சரித்தார். நிரபராதி தண்டிக்கப்படுவதைப் போலவே குற்றவாளி தப்புவதும் நீதி பிறழ்வதுதான் என்ற அவரது கருத்தை, விடுதலை கேட்டு வாதாடும் வழக்கறிஞர்கள் மேற்கோள் காட்டுவதில்லை, அது இயல்புதான்.

சுமை அரசுடையது என்பதன் மறுபக்கம் எதிரியின் மௌன உரிமை. தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லும்படி எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 20(3)-ஆம் உறுப்பு. அரசுத் தரப்புச் சாட்சியங்கள் முடிந்தபின், தமக்கு எதிராக வந்துள்ள ஒவ்வொன்றையும் விளக்கும் வாய்ப்பை நீதிபதி எதிரிக்குத் தர வேண்டும். அப்போது அவரிடம் சத்தியப் பிரமாணம் வாங்குவதில்லை, பதில் சொல்ல மறுத்தாலும் அதற்காகத் தண்டிக்க முடியாது. அவர் விரும்பினால், எழுத்து மூலம் கேட்டுக்கொண்டு, கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லலாம். ஏறவில்லை என்பதை அவருக்கு எதிரான கருத்தாக அரசு வழக்கறிஞரோ நீதிபதியோ சொல்லக் கூடாது.

இவையெல்லாம் நடைமுறையில் எப்படி இயங்குகின்றன என்பதைப் பார்க்க ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு குடும்பம் உறவினர் திருமணத்துக்காக இரண்டு நாள் வெளியூர் போய்த் திரும்புகிறது. பூட்டு உடைந்திருக்கிறது, பீரோவில் இருந்த இருபது பவுன் நகை இல்லை. ஒரு வாரத்தில் ஒருவரைக் காவல்துறை கைது செய்கிறது. ‘நகை கிடைத்துவிட்டது, ஒப்புக்கொண்டும் விட்டான், இனி என்ன விசாரணை?’ என்று தெருவே பேசுகிறது. நீதிமன்றத்தில் அந்த நம்பிக்கையின் ஒவ்வோர் இழையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கப்படும்.

முதலில் பக்கத்து வீட்டுக்காரர். அன்றிரவு அந்த நபரை வாசலில் பார்த்ததாக அவர் காவல் நிலையத்தில் சொல்லியிருக்கிறார். காவலர் எழுதியும் வைத்திருக்கிறார். ஆனால் காவல்துறை விசாரணையில் பதிவாகும் அந்த வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்து வாங்கக் கூடாது. அந்தத் தாள் தன்னளவில் சாட்சியமும் ஆகாது. அவர் கூண்டில் ஏறி, பிரமாணம் எடுத்து, தாம் கண்ணால் கண்டதைச் சொல்லி, எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் குறுக்கு விசாரணைக்கு ஈடுகொடுத்த பிறகுதான் அது சாட்சியமாகிறது. ‘என் மைத்துனர் பார்த்ததாகச் சொன்னார்’ என்றால், மைத்துனர்தான் வந்து சொல்ல வேண்டும். கூண்டில் ஏறியவர் ‘நான் யாரையும் பார்க்கவில்லை’ என்று சொல்லிவிட்டால், அரசு வழக்கறிஞர் நீதிமன்ற அனுமதியுடன் அவரைப் பிறழ்சாட்சியாக நடத்தி, காவல் நிலையத்தில் சொன்னதை எடுத்துக்காட்டிக் குறுக்கு விசாரணை செய்யலாம். அதனால் அவர் நம்பத்தகாதவர் என்பது வெளிப்படலாமே தவிர, பழைய வாக்குமூலம் உயிர்பெற்று எழுந்து சாட்சியமாகிவிடாது. அதே வேளையில், பிறழ்சாட்சி சொன்ன அனைத்தையும் நீதிமன்றம் குப்பையில் போட வேண்டியதில்லை. நம்பத்தக்க பகுதி ஏதேனும் இருந்தால் எந்தத் தரப்பும் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

அடுத்து, தெரு மிகவும் நம்பும் ஒப்புதல் வாக்குமூலம். காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் எதையும் எதிரிக்கு எதிராக மெய்ப்பிக்க முடியாது என்று புதிய சட்டத்தின் 23-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. காவல் நிலையத்தில் ஒப்புதல்கள் எப்படிப் பெறப்படக்கூடும் என்பது காலனி அரசுக்கே தெரிந்திருந்ததால் வந்த தடை இது. காவலில் இருப்பவர் குற்றவியல் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன்னிலையில், தாமாக முன்வந்து, உரிய எச்சரிக்கைக்குப் பின் தரும் ஒப்புதலுக்கே மதிப்பு உண்டு. ஆனால் இந்தத் தடைக்கு ஒரு சிறிய வாசல் இருக்கிறது. காவலில் இருக்கும் எதிரி தந்த தகவலால் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு தெளிவாகத் தொடர்புடைய பகுதியை மட்டும் மெய்ப்பிக்கலாம். பழைய சட்டத்தின் 27-ஆம் பிரிவாக இருந்தது இதுதான். வழக்கறிஞர்கள் பேச்சில் இன்றும் அது ‘இருபத்தேழு’தான்.

‘எவ்வளவு பகுதி’ என்பதில்தான் வழக்குகள் திரும்புகின்றன. 1947-இல் புலுகூரி கோட்டய்யா வழக்கில், இந்திய வழக்குகளுக்கு அன்று லண்டனிலிருந்த உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தந்த விளக்கம் இன்றும் ஆட்சி செய்கிறது. ‘என் வீட்டுக் கூரையில் ஒளித்து வைத்திருக்கும் கத்தியை எடுத்துத் தருகிறேன்’ என்பது ஏற்கத்தக்கது. அதனுடன் சேர்த்து ‘அந்தக் கத்தியால்தான் அவனைக் குத்தினேன்’ என்று சொல்லியிருந்தால் அந்தச் சொற்கள் ஏற்கத்தக்கவை அல்ல, ஏனென்றால் குத்தியது என்பது கூரையில் கத்தி கிடைத்ததோடு தொடர்புடையதன்று. நம் கற்பனை வழக்கில், ‘தென்னை மரத்தடியில் புதைத்திருக்கிறேன், காட்டுகிறேன்’ என்பது உள்ளே வரும். ‘பூட்டை உடைத்து எடுத்தேன்’ என்பது வெளியே நிற்கும். தமிழ்நாட்டில் இத்தகைய வாக்குமூலத்துக்கும் கைப்பற்றும் மகஜருக்கும் (பொருளைக் கைப்பற்றியதைப் பதிவு செய்யும் ஆவணம்) கிராம நிர்வாக அலுவலரைச் சாட்சியாக வைப்பது பரவலான வழக்கம். குறுக்கு விசாரணையில் அவர் ‘காவல் நிலையத்தில் வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள்’ என்று சொல்லிவிட்டால், தென்னை மரம் அதோடு சாய்ந்துவிடும். மரத்தடி யாரும் வந்துபோகும் பொது இடமா, எதிரிக்கு மட்டும் தெரிந்திருக்கக்கூடிய மறைவிடமா என்பதும் கேட்கப்படும்.

காவல்துறையிடம் தரும் ஒப்புதலுக்கான தடையை நாடாளுமன்றம் சிறப்புச் சட்டங்களால் தளர்த்திய காலமும் உண்டு. பயங்கரவாதத் தடுப்புக்காக வந்த தடா சட்டத்தின் 15-ஆம் பிரிவு, காவல் கண்காணிப்பாளரும் அவருக்கு மேற்பட்டவர்களும் பதிவு செய்த ஒப்புதலைச் சாட்சியமாக ஏற்றது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998-இல் தடா நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் நால்வருக்கு அதை உறுதி செய்து, மூவருக்கு ஆயுளாகக் குறைத்து, 19 பேரை விடுவித்தது. அந்தக் கொலை தடாவின் கீழ்வரும் பயங்கரவாதச் செயல் என்று மெய்ப்பிக்கப்படவில்லை என்று சொன்ன நீதிமன்றமே, தடாவின் கீழ் எடுத்த ஒப்புதல்களைக் கொலைக் குற்றத்துக்குப் பயன்படுத்தலாம் என்றும் முடிவு செய்தது. அது எனக்கு இன்றும் நெருடலாகத்தான் படுகிறது. எதை மெய்ப்பிக்க முடியும் என்பது மட்டுமல்ல, எதைக் கொண்டு மெய்ப்பிக்க விடுகிறோம் என்பதும் ஒருவரின் உயிரைத் தீர்மானிக்கிறது.

நகைக்குத் திரும்புவோம். கைப்பற்றிய நகை அந்த வீட்டு நகைதான் என்று அடையாளம் காட்டப்பட்டு, திருட்டு நடந்த சில நாள்களுக்குள் அது எதிரியின் வசம் இருந்ததும் மெய்ப்பிக்கப்பட்டால், அவர் திருடியவராகவோ திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கியவராகவோ இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். எப்படி வந்தது என்று அவர் ஏற்கத்தக்க விளக்கம் தந்தால் அனுமானம் தளரும். தெருமுனைக் கண்காணிப்புக் கேமராவின் பதிவு இருந்தால், அதன் நகலைத் தாக்கல் செய்யும்போது 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் கட்டாயமானது என்பதை 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. புதிய சட்டம் அதற்கு இரண்டு பகுதிகள் கொண்ட படிவத்தையே வகுத்திருக்கிறது; ஒன்றை அந்தக் கருவிக்குப் பொறுப்பானவரும் மற்றொன்றை வல்லுநரும் நிரப்ப வேண்டும்.

எத்தனை சாட்சிகள் வேண்டும் என்று பலரும் கேட்பார்கள். இத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கே சட்டத்தில் இல்லை. 1957-இல் சென்னை மாநிலத்திலிருந்து உச்ச நீதிமன்றம் சென்ற வடிவேலு தேவர் வழக்கில், கணவர் கொல்லப்பட்டதை நேரில் கண்ட மனைவியின் சாட்சியத்தை மட்டுமே நம்பித் தண்டனை உறுதி செய்யப்பட்டது. சாட்சிகளை முழுதும் நம்பத்தக்கவர், முழுதும் நம்பத்தகாதவர், இரண்டுக்கும் நடுவில் உள்ளவர் என்று நீதிமன்றம் அதில் வகைப்படுத்தியது. முதல் வகை ஒருவரே போதும். இரண்டாம் வகை பத்துப் பேர் இருந்தாலும் பயனில்லை. மூன்றாம் வகைக்குத்தான் வேறு சான்றின் துணை தேவை.

கண்ணால் கண்டவரே இல்லாத வழக்கில் சூழ்நிலைச் சாட்சியம் மட்டுமே மிஞ்சும். 1984-இல் சரத் பிரிதிசந்த் சார்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஐந்து நிபந்தனைகளைத் தொகுத்து, அவற்றைப் பஞ்சசீலம் என்றே அழைத்தது. சுருங்கச் சொன்னால், ஒவ்வொரு சூழ்நிலையும் முதலில் தனியாக மெய்ப்பிக்கப்பட வேண்டும். எல்லாம் சேர்ந்து அறுபடாத சங்கிலியாக அமைய வேண்டும். அந்தச் சங்கிலி எதிரியின் குற்றத்தைத் தவிர வேறெந்த நியாயமான விளக்கத்துக்கும் இடம் தரக் கூடாது. ‘செய்திருக்கலாம்’ என்பதற்கும் ‘செய்தே இருக்க வேண்டும்’ என்பதற்கும் இடையிலுள்ள தொலைவு மிக நீண்டது என்பதே அத்தீர்ப்பின் அடிப்படை. எதிரி தந்த விளக்கம் பொய் என்று தெரிந்தாலும், அந்தப் பொய்யைக் கொண்டு சங்கிலியின் விடுபட்ட கண்ணியை நிரப்ப முடியாது.

சுமை எதிரியின் பக்கம் ஓரளவு நகரும் இடங்களும் உண்டு. பயணச்சீட்டு இல்லாமல் ரயிலில் சென்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர், தம்மிடம் சீட்டு இருந்ததைத் தாமே மெய்ப்பிக்க வேண்டும். இது 109-ஆம் பிரிவில் உள்ள எடுத்துக்காட்டு. ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய செய்தியை அவரே விளக்க வேண்டும் என்பது அதன் கருத்து. இதைப் பிடித்துக்கொண்டு ‘கொலை நடந்தது எப்படி என்று உனக்குத்தானே தெரியும், நீயே சொல்’ என்று கேட்டுவிட முடியாது. அந்தப் பிரிவு அரசுத் தரப்பின் சுமையை இறக்கி வைப்பதற்கானதல்ல என்று 1956-இலேயே சம்பு நாத் மெஹ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் கணவனும் மனைவியும் மட்டும் இருந்த வீட்டில் இரவில் மனைவி கொல்லப்பட்டுக் கிடந்தால், கணவர் அங்கே இருந்ததை அரசுத் தரப்பு மெய்ப்பித்த பிறகும் அவர் விளக்கம் எதுவும் தராதது சங்கிலியில் ஒரு கண்ணியாகும் என்று 2006-இல் திரிமுக் மாரோதி கிர்கன் வழக்கில் கூறப்பட்டது.

தற்காப்புக்காகத் தாக்கினேன், மனநிலை பிறழ்ந்திருந்தேன் என்பன போன்ற விதிவிலக்குகளைக் கோருபவரும், அந்த நேரத்தில் வேறு ஊரில் இருந்தேன் என்பவரும் அதைத் தாமே காட்ட வேண்டும். இருப்பினும் விதிவிலக்கைக் கோருபவர்களுக்கான அளவுகோல் இலேசானது; வாய்ப்பு மிகுதி என்று காட்டினால் போதும். கடற்படை அதிகாரி நானாவதி 1959-இல் பம்பாயில் ஒருவரைச் சுட்டுக் கொன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் இதில் ஒரு நுட்பத்தைச் சேர்த்தது. விதிவிலக்கை முழுமையாக மெய்ப்பிக்க எதிரி தவறினாலும், அவர் கொண்டுவந்த சாட்சியம் குற்றத்தின் அடிப்படைக் கூறுகளிலேயே நியாயமான ஐயத்தை எழுப்பினால் அவர் விடுதலைக்கு உரியவர். நானாவதிக்கு அந்த வாதம் கைகொடுக்கவில்லை என்பது வேறு கதை.

இவை போக, சட்டமே கட்டளையிடும் அனுமானங்கள் இருக்கின்றன. காசோலை கொடுத்தவர் கடனைத் தீர்க்கவே கொடுத்தார் என்று கொள்ளப்படும். திருமணமான ஏழு ஆண்டுகளுக்குள் இயல்புக்கு மாறாக இறந்த பெண், இறப்பதற்குச் சற்று முன்பு வரதட்சிணைக்காகக் கொடுமைப்படுத்தப்பட்டது காட்டப்பட்டால், அது வரதட்சிணை மரணம் என்று கொள்ளப்படும். லஞ்ச வழக்குகளிலும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்திலும், போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலும் இவ்வகை அனுமானங்கள் உண்டு. எங்கேயும் அனுமானம் தானாகப் பிறப்பதில்லை. காசோலையில் உள்ள கையெழுத்து, பெண் கொடுமைப்படுத்தப்பட்டது, லஞ்சம் கேட்டு வாங்கியது போன்ற அடிப்படைப் பொருண்மைகளை அரசுத் தரப்போ புகார்தாரரோ முதலில் நிலைநாட்ட வேண்டும்.

தொடக்கத்தில் கண்ட மூன்றாவது நிலை, தீர்ப்போடு முடிந்துபோவதும் இல்லை. ‘கௌரவமான விடுதலை’ என்ற சொல் குற்ற நடைமுறைச் சட்டத்தில் எங்கும் இல்லை. சட்டத்தின் முன் விடுதலை ஒரே வகைதான், மேல்முறையீட்டில் அது எதிரியின் பக்கத்தை மேலும் வலுப்படுத்தவே செய்யும். ஆனால் தமிழ்நாட்டில் காவலர் பணிக்கு விண்ணப்பிக்கும் இளைஞர் வேறொரு கணக்கைச் சந்திக்கிறார். சந்தேகத்தின் பலனாலோ புகார்தாரர் பிறழ்சாட்சியானதாலோ விடுதலை பெற்றவரைக் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருத வேண்டும் என்று பணி விதிகளின் விளக்கம் சொல்கிறது; 2008-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் அதன்படியே தீர்ப்பளித்தது. துறை விசாரணையில் வாய்ப்பு மிகுதி என்ற அளவுகோலே போதும் என்பதால், 2012-இல் உச்ச நீதிமன்றம் முடித்த ஒரு வழக்கில், பெண்ணைக் கேலி செய்ததாகத் தொடரப்பட்ட குற்ற வழக்கில் சாட்சிகள் பிறழ்ந்து விடுதலையான தமிழ்நாட்டுக் காவலர் ஒருவரின் பணி நீக்கம் செல்லும் என்று முடிவானது. எனவே விடுதலை பெற்றவர் தீர்ப்பு நகலை வாங்கியதும் ‘விடுதலை’ என்ற கடைசி வரியோடு நிறுத்திவிடாமல், அதற்கு முந்தைய பத்திகளில் நீதிபதி ‘பொய் வழக்கு’ என்று எழுதியிருக்கிறாரா, ‘சந்தேகத்தின் பலனை அளித்து’ என்று எழுதியிருக்கிறாரா என்று தேடிப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது.